நாற்பத்தொரு மதிப்பெண்

கைப்பேசியில் அந்தச் செய்தி வந்தபோது ஜெசிந்தா வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தாள்.

‘இந்த வாரப் பராமரிப்பு மதிப்பெண்: 41. நீங்கள் பற்களையும் ஈறுகளையும் சரியாகக் கவனிப்பதில்லை. தொடர்ந்து மூன்று வாரங்களாக மதிப்பெண் அறுபதுக்குக் கீழே இருப்பதால் உங்கள் அடுத்த கிளிப் நிறுத்திவைக்கப்படுகிறது.’

இரண்டு தடவை படித்தாள். பிறகு தொட்டியில் துப்பிய தண்ணீரைப் பார்த்தாள். வெளிர்சிவப்பாக இருந்தது. அழுகை வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. அன்று காலையில் மட்டும் பதினைந்து நிமிடம் பல்லோடு மல்லுக்கட்டியிருந்தாள்.

ஜெசிந்தாவுக்கு முப்பத்தொரு வயது. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குத் தினமும் போகும் பயணிகள் கப்பலில், ஏறுபவர்களின் சீட்டைச் சரிபார்த்து அனுப்பும் வேலை. வாயை மூடினாலும் அவளுடைய மேல்வரிசை முன்பற்களும் கீழ்வரிசை முன்பற்களும் ஒன்றையொன்று தொடாது. நடுவே ஒரு விரல் நுழையும். முறுக்கைக் கடைவாயில் வைத்துத்தான் கடிப்பாள். ‘ச’ சொன்னால் காற்று சீட்டியடிக்கும். இரண்டரை வருடம் காத்திருந்த பிறகு, 2058 ஜனவரியில்தான் அரசின் சீர்பல் திட்டத்தில் அவளுடைய முறை வந்தது.

பற்களைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தும் ஒளிபுகும் உறை அது. மருத்துவர்கள் அலைனர் என்றார்கள். ஊர் கண்ணாடிக் கிளிப் என்றது. இரண்டு வாரத்துக்கு ஒன்றாக மொத்தம் முப்பத்தாறு. ஒன்பதை முடித்திருந்தாள். நடுவில் நிறுத்தினால் நகர்ந்த பற்கள் பழைய இடத்துக்கே ஊர்ந்து திரும்பிவிடும்.

வேலைக்குப் பிற்பகலில் வருவதாகச் சொல்லிவிட்டு நேராகப் பல் நிலையத்துக்குப் போனாள்.

அங்கே பல் சுகாதாரப் பணியாளர் செல்லக்கனி இருந்தாள். நாற்பத்தாறு வயது. இருபது வருடமாக அடுத்தவர் வாயைச் சுத்தம் செய்து, எப்படித் தேய்ப்பது என்று சொல்லிக்கொடுத்து வருகிறவள். பல் மருத்துவர் வியாழக்கிழமை மட்டும் திருநெல்வேலியிலிருந்து திரையில் வருவார். மற்ற நாட்களில் அவளும் இயந்திரங்களும்தான்.

“மேடம், இது அநியாயம்,” என்றாள் ஜெசிந்தா, நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே. “ஒவ்வொரு தடவை சாப்பிட்ட பெறகும் தேய்க்கேன். பல் இடுக்குக்குச் சின்ன பிரஷ், படுக்கப் போகும்போது நூல், எல்லாம் செய்யுதேன். கிளிப்ப வெந்நீர்ல போட்டா வளைஞ்சிரும்னு சொன்னிய, பச்சத் தண்ணியிலதான் கழுவுதேன். இதுக்கு மேல நான் என்னதான் செய்ய?”

செல்லக்கனி கையுறையை மாட்டிக்கொண்டாள். இந்தப் பேச்சு அவளுக்குப் புதிதல்ல. வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் இதையேதான் சொல்வார்கள். வாயைத் திறந்தால், கிளிப் பிடித்துக்கொள்வதற்காகப் பல்லில் ஒட்டிய சிறு பொட்டுகளைச் சுற்றிக் காலை இட்லி அப்பியிருக்கும்.

“எல்லாரும் அப்படித்தாம்மா சொல்லுதாங்க.”

“அப்ப இந்த மெஷினு சொல்லுததுதான் உண்மையா? அது என்னைப் பொய்க்காரியாக்குது.”

“அது உன்னையப் பாக்கவே இல்ல. கிளிப் ஓரத்துல தலமுடிய விட மெல்லிசா ஒரு படலம் இருக்கு. ஈறுல ரத்தம் கசிஞ்சா அதுக்குத் தெரிஞ்சிரும். பல்லுல அழுக்குப் படிஞ்சா ஈறு வீங்கும், வீங்கினா ரத்தம் வரும். ரத்தம் வந்தா நீ தேய்க்கலன்னு அர்த்தம். அது படிச்ச பாடம் அவ்வளவுதான்.”

“வேற காரணத்துல ரத்தம் வரவே வராதா?”

செல்லக்கனியிடம் இத்தனை பேரில் யாரும் இதைக் கேட்டதில்லை.

“வரும்,” என்றாள். “அபூர்வமா. சரி, வாயத் தொற.”

ஒரு நிறமாத்திரையை மென்று துப்பச் சொன்னாள். அழுக்கு எங்கே ஒட்டியிருந்தாலும் அது அடர்ந்த ரோஸ் நிறமாகிவிடும். யாரும் தப்ப முடியாது. விளக்கைத் திருப்பி ஒவ்வொரு பல்லாகப் பார்த்தாள். பொட்டுகளைச் சுற்றி ஒன்றுமில்லை. இடுக்குகளில் ஒன்றுமில்லை. இடது கீழ்க் கடைசிப் பல்லின் பின்புறம் மட்டும் ஒரு கடுகளவு ரோஸ்.

“அங்க எனக்குக் கை எட்டாது,” என்றாள் ஜெசிந்தா, குற்றம் செய்தவள்போல. “இன்னொண்ணையும் சொல்லிருதேன் மேடம். டூட்டி நேரத்துல டீ மட்டும் கிளிப்பக் கழட்டாமக் குடிச்சிருக்கேன். ரெண்டு தடவ. இல்ல… நாலஞ்சு தடவ இருக்கும்.”

“டீ குடிச்சா கிளிப்புல கறை பிடிக்கும். சீனி உள்ள தங்கி நாளாவட்டத்துல பல்லு சொத்தையாகும். ஈறுல இப்படி ரத்தம் கொட்டாது.”

பொய் சொல்கிறவர்கள் டீயைப் பற்றித் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள். செல்லக்கனி மறுபடியும் விளக்கைப் பக்கத்தில் இழுத்தாள். இவ்வளவு சுத்தமான வாயை அந்த வருடம் அவள் பார்த்திருக்கவில்லை. ஆனாலும் ஈறுகள் வெளிறி, பொதபொதவென்று வீங்கியிருந்தன. பஞ்சால் லேசாகத் தொட்ட இடத்தில் ரத்தம் துளிர்த்தது. அழுத்திப் பிடித்தாள். ஐந்து நிமிடம் கழித்து எடுத்தபோதும் நிற்கவில்லை.

“கையில என்ன, இவ்வளவு கன்னிப்போயிருக்கு?”

“தெரியல மேடம். பஸ்ல எங்கயாவது இடிச்சிருக்கும்.”

“மூணு எடத்துலயா? காலக் காட்டு.”

கணுக்காலுக்கு மேலே குண்டூசி முனையளவு சிவப்புப் புள்ளிகள் பரவியிருந்தன. “இதுவும் ஒரு வாரமா இருக்கு. கொசுக்கடின்னு நெனச்சேன்,” என்றாள் ஜெசிந்தா. செல்லக்கனி திரைக்குப் போய் ரத்தப் பரிசோதனைக்கு எழுதினாள். திரை உடனே பதில் சொன்னது.

‘இந்த நபர் பராமரிப்புக் குறைவுப் பட்டியலில் உள்ளார். அவசரமற்ற பரிசோதனைகளுக்குக் காத்திருப்பு: 20 நாட்கள்.’

கெட்ட எண்ணத்தில் போட்ட விதியல்ல அது. சீர்பல் திட்டத்தில் மட்டும் பதினோராயிரம் பேர் வரிசையில் நின்றார்கள். வாங்கிக்கொண்டு கவனிக்காமல் விடுகிறவர்களுக்குக் கொடுப்பதைவிட, கவனிக்கிறவர்களுக்குக் கொடுப்பது நியாயம் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். பிறகு அதே பட்டியலை மற்றப் பரிசோதனைகளுக்கும் நீட்டிவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்கோ தனியார் ஆய்வகத்துக்கோ போனாலும் திறக்கப்படுவது அதே பதிவேடுதான், அதே இருபது நாள்தான்.

“அவசரம்னு போட முடியாதா மேடம்?”

“டாக்டர் போடணும். அவர் வியாழக்கிழம வருவாரு. இன்னைக்கு வெள்ளி.”

திருநெல்வேலிக்குப் போன் செய்து பார்த்தாள். மருத்துவர் விடுப்பில் இருந்தார். அவருக்குப் பதிலாகப் பேசிய குரல் மனிதக் குரல் இல்லை. அது மிகவும் மரியாதையாக, இருபது நாள் என்றது.

செல்லக்கனி சன்னலோரம் போய் நின்றாள். ஊழியர்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை உண்டு. அன்றைக்கே எடுத்து, அன்றைக்கே முடிவு வந்துவிடும். ஆறு வருடமாக நேரமில்லை என்று அவள் அதைத் தட்டிக்கழித்துக்கொண்டே வந்திருந்தாள். இப்போது திரும்பி வந்து, குழாயில் தன் பெயரை ஒட்டினாள்.

“கைய நீட்டு.”

“மேடம், அதுல உங்க பேரு…”

“தெரியும். சத்தம் போடாத.”

ரத்தம் எடுத்த இடத்தையும் வெகுநேரம் அழுத்திப் பிடிக்க வேண்டியிருந்தது. ஜெசிந்தா கப்பல் நேரத்துக்கு வேலைக்குக் கிளம்பிப் போனாள். இது தேவைதானா, சும்மா பயந்துவிட்டோமா என்று நினைத்துக்கொண்டே செல்லக்கனி அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

செல்லக்கனியின் கணவர் தவசிமுத்து உப்பளங்களில் நீரிறைக்கும் மோட்டார்களைப் பழுது பார்ப்பவர். அன்று மதியம் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் ஓட்டுநர் இல்லாத வெள்ளை வண்டி ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து ஒரு இளம் செவிலி இறங்கினாள்.

“செல்லக்கனி இருக்காங்களா? உடனே ஆஸ்பத்திரிக்கு வரணும். ரத்தத்த உறைய வைக்கிற தட்டணு ரொம்பக் கம்மியா இருக்கு. ரத்தப் புற்றுநோயா இருக்கலாம்னு ரிப்போர்ட் வந்திருக்கு.”

அவர் சோற்றுக் கையோடு எழுந்தார். “யாருக்கு? எங்க வீட்டுக்காரிக்கா? காலையில நல்லாத்தான போனா?”

அவர் போனில் அழைத்தபோது செல்லக்கனிக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. மறுமுனையில் அழுகை மட்டும்தான் கேட்டது. இருபத்திரண்டு வருடத்தில் அவர் அழுது அவள் கேட்டதில்லை.

“என்னங்க? என்ன ஆச்சு?”

“என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே கனி. ரத்தத்துல புற்றாம்ல…”

அவளுக்கு ஒரு கணம் கழித்துத்தான் அது யாருடைய ரத்தம் என்று உறைத்தது.

“எனக்கு ஒண்ணுமில்லங்க! அது என் ரத்தம் இல்ல. அந்த வண்டிய விட்டுராதிய. ஏறிக்கிட்டு நேரா கப்பல் முனையத்துக்கு வாங்க. நானும் வாரேன்.”

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அவள் போய்ச் சேர்ந்தபோது பயணிகள் வரிசை கட்டி ஏறிக்கொண்டிருந்தார்கள். ஜெசிந்தா ஒரு கையால் சீட்டை வாங்கியபடி மறு கையில் கைக்குட்டையைப் பிடித்திருந்தாள். கைக்குட்டை முழுக்கச் சிவப்பு.

“மூக்குலயும் வர ஆரம்பிச்சிருச்சு மேடம். கப்பல் கிளம்பட்டும், இன்னும் நாப்பது பேர்தான்.”

“அந்த நாப்பது பேர வேற யாராவது பாக்கட்டும். வா.”

வண்டி வந்தது. தவசிமுத்து குதித்து இறங்கி, அத்தனை கூட்டத்துக்கு நடுவில், மனைவியின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு நின்றார். வண்டியின் கதவோ ஜெசிந்தாவின் கைரேகையைப் பார்த்துத் திறக்க மறுத்தது. ‘பதிவு செய்யப்பட்ட நோயாளி இவர் அல்ல’ என்றது.

செவிலி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ரத்தம் யாருக்கு வழிகிறது என்று அவளுக்கே தெரிந்தது. “நோயாளியோட துணைக்கு ரெண்டு பேர் ஏறலாம்,” என்றாள் மெதுவாக.

செல்லக்கனி தன் விரலை வைத்தாள். கதவு திறந்தது. நோயாளியாக அவள் ஏறினாள். துணையாக ஜெசிந்தாவும் தவசிமுத்துவும் ஏறினார்கள். படுக்கையில் படுத்தது ஜெசிந்தா. போகும் வழியெல்லாம் தவசிமுத்து அவளுடைய மூக்கில் துணியை அழுத்திப் பிடித்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் செல்லக்கனி உண்மையைச் சொன்னாள். ரத்தநோய் மருத்துவர் பர்வீன் கோபப்பட நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. மறுபடி ரத்தம் எடுத்து, கண்ணாடித் தகட்டில் தானே பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

“ரத்தப் புற்றுலயே இது ஒரு வகை. ரத்தம் உறையாமப் போயிரும். முதல் ரெண்டு வாரம்தான் பெரிய கண்டம். மூளைக்குள்ள கசிஞ்சா ஒண்ணும் செய்ய முடியாது. ஆனா அதைத் தாண்டிட்டா நல்ல மருந்து இருக்கு, பெரும்பாலும் முழுசாக் குணமாயிடும். எப்பக் கண்டுபிடிக்கிறோம்ங்கிறதுதான் எல்லாம்.”

“இருபது நாள் கழிச்சு வந்திருந்தா?” என்று கேட்டாள் செல்லக்கனி.

பர்வீன் அவளை ஒருமுறை பார்த்தார். “இருபது நாள் இருந்திருக்க மாட்டாங்க.”

அன்று சாயங்காலமே முதல் மாத்திரை கொடுத்தார்கள். திங்கட்கிழமை செல்லக்கனியைப் பணியிடை நீக்கம் செய்து கடிதம் வந்தது. அடுத்தவர் ரத்தத்தைத் தன் பெயரில் அனுப்பியது, அரசுப் பதிவேட்டில் பொய்த் தகவல் சேர்த்தது என்று இரண்டு குற்றங்கள்.

“நல்லதாப் போச்சு,” என்றாள் அவள் தவசிமுத்துவிடம். “இப்ப எனக்கு நேரம் இருக்கு.”

ஒன்றுவிட்டு ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். உடம்பில் எதிர்ப்புச் சக்தி இல்லாதபோது வாயிலிருக்கும் கிருமி ரத்தத்துக்குள் போனால் அதுவே ஆளைக் கொன்றுவிடும். பிரஷ்ஷின் நார் பட்டாலும் ரத்தம் வரும். அதனால் விரலில் ஈரத் துணியைச் சுற்றி, ஒவ்வொரு பல்லாக, ஈறோரமாகத் துடைத்துவிடுவாள். இளஞ்சூட்டு உப்புத் தண்ணீரில் கொப்பளிக்க வைப்பாள். உதடு வெடிக்காமல் இருக்கக் களிம்பு தடவுவாள். ஒரு தடவைக்கு அரைமணி நேரம் ஆகும். பத்தாவது நாள் காய்ச்சல் ஏறி ஜெசிந்தா நினைவில்லாமல் கிடந்தபோதும் அந்த அரைமணி நேரம் தவறவில்லை.

ஜெசிந்தாவின் அம்மா ஞானப்பிரகாசி கட்டிலருகே ஜெபமாலையோடு உட்கார்ந்திருப்பார். ஒருநாள் செல்லக்கனி கிளம்பும்போது அவளுடைய கையைப் பிடித்து, கையுறையோடு சேர்த்து முத்தமிட்டார். செல்லக்கனி “கை சுத்தமில்லம்மா,” என்று மட்டும் சொன்னாள்.

பதினேழாம் நாள் ஜெசிந்தாவின் தட்டணுக்கள் ஏறத் தொடங்கின. இருபத்து நாலாம் நாள் துணியில் ரத்தம் ஒட்டவில்லை. செல்லக்கனி அந்தத் துணியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஜெசிந்தாவிடமும் காட்டினாள். இரண்டு பேரும் ஒரு வெள்ளைத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அக்கா,” என்றாள் ஜெசிந்தா கடைசியில். அதுவரை மேடம்தான். “எத்தன பேரு உங்ககிட்டப் பொய் சொல்லியிருப்பாங்க. என்னைய மட்டும் எப்படி நம்புனிய?”

“நம்பல. வாயப் பாத்தேன்.”

விசாரணை செப்டம்பரில் நடந்தது. விசாரணை அதிகாரி உமையாள், கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொள்ளும் ஒரு பெரிய மனுஷி. ஜெசிந்தா வாக்குமூலம் கொடுக்க வந்திருந்தாள். மெலிந்திருந்தாள். நான்கு மாதம் கிளிப் இல்லாததால் முன்பற்கள் மறுபடி விலகி, ‘ச’ பழையபடி சீட்டியடித்தது. அவள் அதைப் பொருட்படுத்தாமல் பேசினாள்.

“நான் உயிரோட வந்து பேசுதேன். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?”

“அவங்க செஞ்சது சரின்னே வச்சுக்குவோம்,” என்றார் உமையாள். “ஆனா எல்லாரும் இப்படிப் பேரை மாத்தி ஒட்ட ஆரம்பிச்சா? யாரோட நோய் யாரோட கணக்குலன்னு தெரியாமப் போயிடுமே. செல்லக்கனி, நீங்க என்ன சொல்றீங்க?”

“சரிதான் மேடம். நான் செஞ்சது தப்புதான். வேற வழி இருந்திருந்தா அதுல போயிருப்பேன். திரையில ரெண்டே பொத்தான்தான் இருந்துச்சு. சம்மதம்ங்கிறது ஒண்ணு, வெளியேறுங்கிறது ஒண்ணு. ‘இந்த மெஷினு சொல்லுதது தப்பு, நான் பாத்தேன்’னு சொல்ல ஒரு பொத்தான் இல்ல.”

உமையாள் அதை எழுதிக்கொண்டார். தீர்ப்பு மூன்று வாரம் கழித்து வந்தது. கண்டிப்பு உண்டு, பணியிடை நீக்கம் அத்தோடு முடிந்தது. இனி யாருடைய கிளிப்பையும் நிறுத்துவதற்கு முன் ஒரு மனிதர் அந்த வாயைத் திறந்து பார்க்க வேண்டும். நிறமாத்திரை கொடுத்துச் சோதிக்க வேண்டும். பல் மதிப்பெண் வேறு எந்தப் பரிசோதனையையும் தடுக்கக் கூடாது. கடைசியாக ஒரு வரி: ‘திருமதி செல்லக்கனியின் பதிவேட்டில் ரத்தப் புற்றுநோய் என்று உள்ளதை நீக்க, அவர் தமது சொந்த ரத்தத்தைக் கொடுக்க வேண்டும்.’

அலுத்துக்கொண்டே போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். மறுநாள் டாக்டர் பர்வீன் போனில் அழைத்தார்.

“புற்று இல்லைன்னு அழிச்சாச்சு. ஆனா சர்க்கரை முந்நூத்தி நாப்பது இருக்கு. இது நேத்து இன்னைக்கு வந்ததில்ல. நாளைக்கே கண்ணைப் பாக்கணும், வாங்க.”

கண்ணின் உள்திரையில் சின்னச் சின்ன ரத்தக் கசிவுகள் தொடங்கியிருந்தன. இப்போதே பிடித்ததால் நிறுத்திவிடலாம் என்றார்கள். இன்னும் ஒரு வருடம் போயிருந்தால் சொல்ல முடியாதாம். செல்லக்கனி ஆஸ்பத்திரிப் படியில் இறங்கும்போது, ஆறு வருடம் ஓடி ஒளிந்த ஊசி இந்தத் தண்டனையில் வந்து பிடித்ததை நினைத்து, அந்தக் கூட்டத்திலும் தனியாகச் சிரித்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜெசிந்தா ஒரு பெட்டி மக்ரூன் இனிப்போடு வீட்டுக்கு வந்தாள். சிகிச்சை இன்னும் சில மாதம் இருந்தது. ஆனால் வியாழக்கிழமையிலிருந்து கிளிப் போட அனுமதி கொடுத்துவிட்டார்கள். முதல் கிளிப்பிலிருந்து மறுபடி ஆரம்பம்.

“முப்பத்தாறும் திரும்பவா?” என்றார் தவசிமுத்து.

“ஆமாண்ணே. இருக்கட்டும். அதப் போட ஒரு வாய் இருக்குல்ல.”

அவள் பெட்டியைத் திறந்து நீட்டினாள். செல்லக்கனி பெட்டியை வாங்கிக் கணவரிடம் கொடுத்துவிட்டு, மேசையிலிருந்த ரிப்போர்ட்டை எடுத்து அவளிடம் தந்தாள். ஜெசிந்தா படித்தாள். அவளுக்குப் புரியச் சிறிது நேரம் ஆனது. நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

“உன் ரத்தத்தை என் பேர்ல அனுப்பலன்னா, என் ரத்தத்தை யாரும் பாத்திருக்கவே மாட்டாங்க ஜெசிந்தா,” என்றாள் செல்லக்கனி. “நன்றி சொல்லணும்னு நானே உன் வீட்டுக்கு வரலாம்னு இருந்தேன். நீ முந்திட்ட.”

ஜெசிந்தா ரிப்போர்ட்டை மடித்து மேசையில் வைத்தாள். வேறெதையோ யோசிக்கிறவள்போல இருந்தாள்.

“அக்கா, சர்க்கர இருந்தா ஈறுதான மொதல்ல கெடும்? எனக்குச் சொல்லியிருக்கிய.”

“ஆமா.”

“உங்க ஈறு எப்படி இருக்கு?”

செல்லக்கனி வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள். “தேய்க்கும்போது கொஞ்சம்… வேல அவசரத்துல அழுத்தித் தேய்ச்சிருப்பேன்.”

“எவ்வளவு நாளா?”

“அது இருக்கும், ரெண்டு வருசம்.”

தவசிமுத்து பாதி மக்ரூனோடு அப்படியே நின்றார். ஜெசிந்தா எழுந்துபோய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தாள். கைப்பேசி விளக்கைப் போட்டாள். சன்னலோரம் நாற்காலியை இழுத்து, செல்லக்கனியைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். இருபது வருடத்தில் ஆயிரக்கணக்கான வாய்களைப் பார்த்தவளுடைய வாயை, அதுவரை யாரும் பார்த்ததில்லை.

“ஆன்னு சொல்லுங்கக்கா.”

செல்லக்கனி வாயைத் திறந்தாள்.